பெயர் தெரியாத அண்ணையின் பொதி

விடுமுறைக்கு சுவிஸின் லொசான் நகர ஏரியைப் பார்க்கக் காரில் போகிறோம் என்று லா சப்பல் தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கும்போது சொல்லிவிட்டேன். உடனே கடைக்கார அண்ணை, இறுக்கி டேப் ஒட்டிய பொதி ஒன்றை எடுத்து வந்தார்.

"தங்கச்சி, என்ர மகள் அங்கைதான் இருக்கிறா. ஏரிக்கரைக்கே வந்து வாங்குவா. இதை ஒருக்காக் குடுத்துவிடுங்கோ."

சுவிஸ் எல்லையில் எங்கள் காரை ஓரங்கட்டச் சொன்னார்கள். பொதியைத் தூக்கிப் பார்த்த அதிகாரி, யார் தந்தது என்று பிரெஞ்சில் கேட்டார்.

"தெரிந்த ஒருவர்."

"அவர் பெயர்?"

வருடக்கணக்காக அவரிடம் கத்தரிக்காய் வாங்குகிறேன். அண்ணை என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. கணவரைப் பார்த்தேன்.

"எனக்கும் தெரியாதப்பா" என்றார். அவர் விரல்கள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தன.

பொதியைக் கத்தியால் கிழித்தார்கள். உள்ளே வறுத்த அரிசிமா. போதைப்பொருளோ என்று அதைச் சோதித்து எங்களை விடும்வரை காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கிழிந்த பொதியை மகளிடம் கொடுத்துவிட்டு ஏரிக்கரையில் நின்றபோதும், திரும்பிப் போகும்போது கடக்க வேண்டிய எல்லையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யார் பொதி தந்தாலும் அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பார்க்கிறேன்; பெயரையும் கேட்கிறேன். சிலருக்கு முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும்.

அந்த அண்ணையிடமும் கேட்டேன். பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"உங்கட பேர் என்ன, தங்கச்சி?"