செல்லாத கையெழுத்து

எழுபதுகளின் இறுதியில் மதுரையில் சட்டம் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்த பாடம் சட்டத் தத்துவம். அதில் எந்த விடை எழுதினாலும் முழுத் தவறு என்று யாரும் சொல்லிவிட முடியாது. அரசு இடும் கட்டளைதான் சட்டம் என்றனர் ஒரு சாரார். நியாயத்துக்குப் பொருந்தாதது சட்டமே அல்ல என்றனர் இன்னொரு சாரார். ஜனங்கள் எதன்படி நடக்கிறார்களோ அதுதான் சட்டம், மற்றதெல்லாம் வெறும் காகிதம் என்றது மூன்றாவது கூட்டம். மதுரை வெயிலில் மூன்றுமே சரியாகத்தான் பட்டன.

கடைசி வருடம், ஏதாவதொரு சமூகச் சட்டத்தை எடுத்து விமர்சித்துக் கட்டுரை எழுதச் சொன்னார் பேராசிரியர். நான் பெண்களின் சொத்துரிமையை எடுத்துக்கொண்டேன். எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டமாகிவிட்டது. பிறகு ஏன் பெண்களுக்குக் கிடைப்பதில்லை? அறியாமை என்று எழுதினேன். பக்கத்துக்குப் பக்கம் அறியாமை. பெண்கள் சட்டத்தைத் தெரிந்துகொண்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று முடித்தேன். பேராசிரியர் நல்ல மதிப்பெண் போட்டு, ஓரத்தில் "திருமணம் ஆகிவிட்டதா?" என்று மட்டும் எழுதியிருந்தார். இது என்ன கேள்வி என்று எனக்கு ஒரே கோபம்.

அந்தக் கோடையிலேயே எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிக் கொடைக்கானல் வந்தேன். அப்பா மிஷன் பள்ளியில் பூகோள வாத்தியார். சரிவில் எங்கள் வீடு, அதை ஒட்டிப் பேரிக்காய்த் தோட்டம். அம்மா முன்பே இறந்துவிட்டார். எங்கள் உறவுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெண்ணை உட்காரவைத்து, அப்பன் சொத்தில் தனக்குப் பாத்தியதை இல்லை என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சபை மூப்பர் சாட்சி. ஜெபத்தோடு தொடங்கும், கேக்கும் டீயுமாக முடியும். புடவை எடுப்பதுபோல அதுவும் ஒரு கல்யாண வேலை.

"நீதான் சட்டம் படிக்கிறியேம்மா, வெளியாள் எதுக்கு? நீயே எழுதிரு," என்றார் அப்பா.

எனக்குக் கோபம் வந்தது. என்னை நம்பி ஒரு பத்திரம் எழுதச் சொல்கிறாரே என்று கொஞ்சம் பெருமையும் வந்தது. அதுதான் வேடிக்கை.

"இது செல்லாதுப்பா. நீங்க உசுரோட இருக்கையில உங்க சொத்துல எனக்குப் பங்கே கெடையாது. இன்னும் வராத பங்கை எப்படி விட்டுக் குடுக்க முடியும்? எழுதினாலும் சட்டத்துல மதிப்பில்ல."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் தெளிந்துவிட்டது.

"நெசமாவா? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. உங்கண்ணனுக்கும் மனசு குளிரும், உனக்கும் நஷ்டமில்ல. வெரசா எழுதும்மா, மூப்பர் வந்துருவாரு."

அண்ணனிடமும் சொன்னேன். அவர் சிரித்தார். "செல்லுதோ செல்லலையோ, போட்டுரு பாப்பா. எல்லாப் பொண்ணும் போடுறதுதானே."

முழு மனதோடும் பிறர் தூண்டுதல் இன்றியும் என்று குறையில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூப்பர் என் கையெழுத்து முத்துமுத்தாக இருப்பதாகப் பாராட்டி, இரண்டாவது கேக் துண்டை எடுத்துக்கொண்டார்.

எண்பதுகளின் நடுவில் அப்பா போய்ச் சேர்ந்தார். உயில் எழுதவில்லை. அதற்குள் நான் திண்டுக்கல்லில் வக்கீல். அண்ணன் தம்பிமாரிடமிருந்து பெண்களுக்குப் பங்கு வாங்கித் தருவதில் எனக்குக் கொஞ்சம் பெயரும் இருந்தது. துக்கம் ஆறியபின் ஒருநாள் கொடைக்கானல் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, தோட்டத்தில் பாதியைக் கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டிருக்கியே பாப்பா," என்றார் அண்ணன்.

"செல்லாதுன்னு அன்னைக்கே சொன்னேனே."

"தெரியும். கோர்ட்டுக்குப் போனா உனக்குத்தான் கெடைக்கும். கெடைச்சப்பறம் இந்த வீட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவே?"

அவர் மிரட்டவில்லை. நிஜமாகவே பதில் தெரியாமல்தான் கேட்டார். எனக்குச் சட்டம் தெரியும், அவருக்கும் தெரியும், அறியாமை என்பது அந்த அடுப்படியில் மருந்துக்குக்கூட இல்லை. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு நான் எங்கே போவேன் என்றுதான் நினைத்தேன். பயமாக இருந்தது.

அதுவரை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தார். அவர் வத்தலக்குண்டுக்காரர், அவருடைய அப்பாவும் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார், தென்னந்தோப்பு அவர் தம்பியிடம் இருக்கிறது.

"எங்கப்பா இருக்கையில நான் போட்ட கையெழுத்தும் செல்லாதா?"

"செல்லாது அண்ணி."

அண்ணன் நேராக உட்கார்ந்தார். "அதான் பாப்பா வெவரமாச் சொல்லுதுல்ல? செல்லாதுன்னா செல்லாது. சட்டம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

ஜனங்கள் நடப்பதே சட்டம் என்ற மூன்றாவது கூட்டத்திலிருந்து அரசின் கட்டளையே சட்டம் என்ற முதல் கூட்டத்துக்கு ஒருவர் இத்தனை வேகமாகத் தாவி நான் பார்த்ததில்லை. பாவம், கண்ணில் தேங்காய் தெரிந்தது.

"அப்ப பாப்பா போட்டதும் செல்லாதுதானேங்க," என்று சொல்லிவிட்டு அண்ணி மறுபடி பீன்ஸை எடுத்துக்கொண்டார்.

அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பார்க்க அங்கே மேகமூட்டம் தவிர ஒன்றுமில்லை. பிறகு, "சர்வேயரை வரச் சொல்றேன்," என்றார். சொன்னபடி தோட்டம் அளக்கப்பட்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் போனபோது அவர் என்னோடு பேச வேண்டியதையெல்லாம் என் கணவரிடம் பேசினார். ஈஸ்டருக்குள் சரியாகிவிட்டது.

நன்றிக்கடனாக அண்ணியின் வழக்கை நானே நடத்துவதாகச் சொல்லி, அவர் தம்பிக்கு வக்கீல் நோட்டீஸும் தயார் செய்து எடுத்துப்போனேன். அண்ணி அதைத் தொடவில்லை.

"வேணாம்மா. வருஷத்துக்கு ஒருதடவை போனா எந்தம்பி பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பான். நோட்டீஸ் போனா வரமாட்டான்."

"அப்படியெல்லாம் ஆகாது அண்ணி. எனக்கு ஆச்சா?"

"உனக்கு இந்த வீட்டுல நான் இருந்தேன். எனக்கு அங்க யாரு இருக்கா?" என்றார்.

நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அழுகை வந்தது.