சந்திரகிரியில் கிடைத்த உயிலும் என் அண்ணன் கையெழுத்தும்

அத்தைக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, தனபால் ஒரு புதுப் பூட்டோடு வந்து எங்கள் வாசலில் நின்றார். நான் அப்போதுதான் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தேன்.

"ஒரு வாரம் டைம் தர்றன். உன் சாமானை எடுத்துக்கினு கெளம்பு. இது எங்க சித்தப்பா பொண்டாட்டி வூடு. எங்களுக்குத்தான் சேரும்" என்றார்.

வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். என் பெயர் வசந்தா. பிச்சாட்டூர் பக்கத்து ஊர். கூலி வேலை. என் புருஷன் போன பிறகு, அப்பாவின் தங்கை சரோஜா அத்தைதான் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். அத்தையைக் கட்டியவர் இரண்டே வருடத்தில் விட்டுவிட்டுப் போய், எங்கேயோ செத்தும் போனார். குழந்தை இல்லை. அத்தை சந்திரகிரியில் ஒரு விடுதியில் சமையல் செய்து, அந்தச் சம்பளத்தில் ஊரில் இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும் கட்டினார். புருஷன் வீட்டுக்காரர்கள் ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்ததில்லை. தனபால் அந்தப் புருஷனின் அண்ணன் மகன். அத்தை படுக்கையில் கிடந்த நான்கு வருடத்தில் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்ததில்லை.

திருப்பதியில் ஒரு வக்கீலம்மாவிடம் போய் அழுதேன். அவர் சொன்னதைக் கேட்டு அழுகைகூட நின்றுவிட்டது. பிள்ளையில்லாத பெண் உயில் எழுதாமல் செத்தால், அவள் தானே உழைத்துச் சம்பாதித்தது புருஷனின் சொந்தங்களுக்குத்தான் போகுமாம். சட்டம் அப்படி. விட்டுவிட்டு ஓடினவனுக்காக அந்தச் சட்டம் வீடு காத்து வைத்திருக்கிறது.

ஆனால் அத்தை உயில் எழுதியிருந்தார். "உன் பேருக்கு எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டேன்டி" என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். எங்கே என்று கேட்கவில்லை. உயிரோடு இருப்பவரிடம் அதைக் கேட்பது அசிங்கம் என்று நினைத்தேன். பிறகு பக்கவாதம் வந்து பேச்சே போய்விட்டது. அரிசி டின்னுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருந்தார், அதை நான் பார்த்திருக்கிறேன். அவர் செத்த அன்று வீடு முழுக்க ஆட்கள். அடுத்த நாள் பார்த்தால் உறை இல்லை.

என் கூடப் பிறந்த அண்ணன் ஏழுமலையிடம் ஓடினேன். அவர் மகள் பவானியைத் தனபால் மகனுக்குத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது.

"உயிலா? எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அத்தை சும்மா உன் மனசுக்கு ஆறுதலா சொல்லிருப்பாங்க" என்றார்.

அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வந்துவிட்டேன்.

வக்கீலம்மா வாங்கிக் கொடுத்த தடையுத்தரவால் வீட்டை விட்டு உடனே போக வேண்டியதில்லை. ஆனால் உயிலைக் காட்டாமல் அது எத்தனை நாள் தாங்கும்? அலைய ஆரம்பித்தேன். அத்தை உயில் எழுதிய காலத்தில் எல்லாம் சித்தூர் மாவட்டம். இப்போது எங்கள் ஊர் திருப்பதி மாவட்டம். வீட்டுக் காகிதத்துக்குத் திருப்பதிப் பக்கம் போனால் பழையது சித்தூரில் என்பார்கள். சித்தூருக்குப் போனால் நீ திருப்பதிக்காரி என்பார்கள். வேலை போய், உடம்பு போய், பஸ்ஸிலேயே ஒன்றரை வருடம் போனது. வில்லங்கச் சான்று எடுத்தேன். அதில் உயிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "இதுல இல்லன்னா உயிலே இல்லைம்மா" என்று ஒரு புரோக்கர் கையை விரித்தார். அதை நம்பி வக்கீலம்மாவிடம் கேட்காமலே இருந்துவிட்டேன். தனபால் தெருவில் நின்று சிரித்தார்.

அன்றைக்கு நம் கெங்கம்மா கோயிலில் போய் உட்கார்ந்து சண்டை போட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன்: "அம்மா, அந்தக் காகிதம் எங்க இருக்குன்னு காட்டு. அதை ஒளிச்சி வெச்சது யாருன்னும் காட்டு." இரண்டையும் கேட்டேன். இரண்டாவதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஒன்பதாம் நாள். சித்தூர் கோர்ட்டு வாசலில், வேப்பமரத்தடியில் டைப் அடிக்கும் ஒரு அம்மாவிடம் மனு எழுதக் கொடுத்திருந்தேன். முன்பின் பழக்கமில்லாதவர். என் வில்லங்கச் சான்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல இன்னாம்மா தேடற?"

"உயிலுங்க."

"அய்யோ, வீலுநாமா ஈ.சி.லோ ராதம்மா!" என்றார். அவருக்குத் தெலுங்குதான் முதலில் வரும். பிறகு தமிழில் சொன்னார்: "உயில் ஈ.சி.ல வரவே வராது. அதுக்குத் தனி புத்தகம். வூடு எங்க இருந்தாலும் உயில எந்த ரிஜிஸ்டர் ஆபீசுல வேணா எழுதலாம். உங்க அத்தை எங்க வேல செஞ்சாங்க? அங்க போய்க் கேளு. இறப்புச் சான்று எடுத்துக்கினு போ."

ஒன்றரை வருடமாக யாரும் சொல்லாததை, சித்தூரில் மரத்தடியில் இருந்த ஒருவர் இரண்டு நிமிடத்தில் சொன்னார். அந்த வாயில் பேசியது யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்திரகிரியில் தேடச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தேன். தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நகல் கைக்கு வந்தது. அத்தையின் பெயர். என் பெயர். 'என் சுய சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை, பெற்ற மகளைப் போல் என்னைப் பார்த்துக்கொள்ளும் வசந்தாவுக்கு' என்று எழுதியிருந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்து அந்தத் தாளை முகத்தில் ஒற்றிக்கொண்டேன்.

அப்புறம் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். சாட்சிகள் இரண்டு பேர். முதலாமவர் விடுதி வாட்ச்மேன். இரண்டாவது கையெழுத்து ஏழுமலை. தகப்பனார் பெயர், எங்கள் அப்பா பெயர்.

என் அண்ணன் எழுத்து எனக்குத் தெரியாதா? ழகரத்தைக் கொக்கி போட்டு இழுப்பார். ஒன்றரை வருடம் நான் செருப்புத் தேய அலைந்ததைப் பார்த்துக்கொண்டே, "எதுக்கும்மா ஒடம்ப கெடுத்துக்கற" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்த அண்ணன்.

கெங்கம்மா நான் கேட்ட இரண்டையும் ஒரே காகிதத்தில் கொடுத்துவிட்டாள்.

வக்கீலம்மா சித்தூரில் புரோபேட் மனு போட்டார். உயில் உண்மையானது என்று நீதிமன்றம் சொல்வதற்கான மனு. ஆனால் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டுமாம். வாட்ச்மேன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மிச்சம் என் அண்ணன் மட்டும்தான்.

நகலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஏன்ணா? நான் இன்னா பண்ணேன் உனக்கு?"

அவர் காகிதத்தைத் தொடவில்லை. "பவானி அந்த வூட்ல வாழணும் வசந்தா. நான் வாயத் தொறந்தா நாளைக்கே அவள இங்க கொணாந்து தள்ளிடுவானுங்க. உனக்கு வூடுதான போவுது. எனக்குப் பொண்ணு போவும்."

"எனக்குப் போக்கிடம் இல்லண்ணா."

"கோர்ட்டுல கேட்டா ஞாபகம் இல்லன்னுதான் சொல்லுவேன். இப்பவே சொல்லிட்டன்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

நேராகக் கோயிலுக்கு வந்தேன். மண்ணை வாரித் தூற்றத்தான் வந்தேன். ஒளிக்க மாட்டேன், உங்கள் முன்னால் சொல்கிறேன். இரண்டு கையிலும் மண்ணை அள்ளிவிட்டேன். வாயில் சாபம் வந்துவிட்டது. பவானியின் முகம் நினைவுக்கு வந்தது. என் மடியில் வளர்ந்தவள். மண்ணைக் கீழே கொட்டிவிட்டு, "அவரு வாயில உண்மைய வை. மத்தது உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னேன். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அதன் பிறகும் வாய்தா, வாய்தா. சாட்சி வரவில்லை. வக்கீல் வரவில்லை. கடைசியில் சம்மன் போய் அண்ணன் கூண்டில் ஏறினார். பெஞ்சியில் தனபால் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வக்கீலம்மா நகலைக் காட்டினார். "இது உங்க கையெழுத்தா?"

அண்ணன் தனபால் பக்கம் பார்த்தார். ஜட்ஜு இரண்டாம் முறை கேட்டார். அண்ணன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"என்துதான்" என்றார்.

தனபாலின் வக்கீல் எழுந்தார். "அந்தம்மாவுக்கு அப்ப புத்தி சுவாதீனம் இல்ல, இல்லையா?"

"இல்லிங்க. தெளிவா இருந்தாங்க. கைநாட்டு வெச்சிட்டு, மைய என் துண்டுல தொடச்சாங்க. 'ஏழுமல, உன் தங்கச்சி தெருவுல நிக்கக் கூடாது, நீதான் சாட்சி'ன்னு சொன்னாங்க. நான்தான்…" குனிந்து தன் துண்டையே பார்த்தார். "அவுங்க செத்த அன்னிக்கு அந்த உறைய நான்தான் எடுத்தேன். எடுத்துச் சம்பந்தி கையில குடுத்துட்டேன். அவுங்க அத எரிச்சிட்டாங்க."

அங்கே நின்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு நெஞ்சு எரிந்தது. ஒன்று விடாமல் எல்லாமே அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

மூல உயில் இல்லாவிட்டாலும் பதிவு நகல் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அத்தை செத்து மூன்று வருடம் நான்கு மாதம் கழித்து வீடு என் பேருக்கு ஆனது.

அந்த வாரமே பவானியை ஒரு பையோடும் இரண்டு வயதுக் குழந்தையோடும் கொண்டுவந்து அண்ணன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவர் பயந்தது பொய்யில்லை. "உன் அப்பன் வாயால கெட்டடி" என்று அண்ணி அவளைத் தினமும் குத்தினார். பத்தாம் நாள் பவானி என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அத்த, இங்க இருக்கலாமா?" என்றாள்.

இருக்கலாமா என்று அவள் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அத்தை எனக்குத் திறந்த கதவை நான் இவளுக்குத் திறந்தேன். இப்போது முன் அறை அவளுக்கு. தையல் மிஷின் போட்டிருக்கிறாள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப் பிள்ளையைப் பார்க்க வருவார். வாசலோடு நின்றுகொள்வார். நான் தண்ணீர் கொடுத்தனுப்புவேன். பேச மாட்டேன்.

அக்காமார்களே, கெங்கம்மாவை நம்புங்கள். நான் கேட்டதில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. தெருவில் நிற்க வேண்டியவள், இன்று என் வீட்டிலிருந்து கிளம்பி வந்து உங்கள் முன்னால் பேசுகிறேன். முன்பெல்லாம் எனக்கு இது கொடு என்று மட்டும் கேட்கத் தெரியும். இப்போது அவள் காட்டுவதைப் பார்க்கவும் தெம்பு கொடு என்று கேட்கிறேன். நீங்களும் கூசாமல் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அண்ணனை உள்ளே வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நாலு வாரமாக முயற்சி செய்கிறேன், முடியவில்லை. இன்றைக்கு விளக்கேற்றும்போது அதற்காக எனக்கும் சேர்த்து ஒரு வார்த்தை கேளுங்கள்.