இரண்டாம் வகுப்பு வங்குரோத்து

கண்டியில் என்னை மிக உயர்வாக மதித்தவர்கள் வரி அலுவலகத்துக்காரர்கள்தான். பெண் கேட்டுப் போனபோது என் மாமனார்கூட என்னை அவ்வளவுக்கு மதிக்கவில்லை. அவர்கள் அனுப்பிய மதிப்பீட்டில் எழுதியிருந்த வருமானத்தை நான் உண்மையிலேயே சம்பாதித்திருந்தால், அம்பிட்டியவில் மழைக்கு ஒழுகும் வாடகை வீட்டில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

என் தொழில் கதிரை, கூடாரம், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, டவுனில் ஒரு சவுண்ட்ஸ் கடையில் வயர் சுற்றப் பழகி, பிறகு சொந்தமாகத் தொடங்கினேன். கல்யாணமோ மரணமோ, திருவிழாவோ தேர்தல் கூட்டமோ, ஆட்கள் எங்கே உட்கார்ந்தாலும் எனக்கு வருமானம். அடுத்தவர்கள் நின்றுகொண்டு செய்யும் எந்தக் காரியமும் எனக்குப் பிடிக்காது.

லொறி வாங்க லீசிங் கம்பனிக்குப் போனபோது வரி இலக்கம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. மறுநாளே வரி அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்துகொண்டேன். என் பெயரில் ஒரு கோப்பு திறந்தார்கள். தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவனுக்கு அரசாங்கத்தில் தனிக் கோப்பு! அன்று வீட்டுக்குக் கேக் வாங்கிப் போனேன். ஒவ்வொரு வருடமும் வருமான விபரத்திரட்டு கொடுக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னது காதில் விழுந்தது. கோப்புத் திறந்ததே பெரிய மரியாதை, அதற்குள் எதையாவது போட்டு நிரப்புவது அவர்கள் வேலை என்று நினைத்துவிட்டேன்.

அவர்கள் நிரப்பினார்கள். நான் கணக்குக் காட்டாததால், என் வருமானம் இவ்வளவு இருக்கலாம் என்று அவர்களே ஊகித்து வரி போட்டார்கள். ஆட்சேபம் இருந்தால் குறித்த காலத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதங்களை நான் பிரிட்ஜுக்கு மேலே வைத்தேன். காலம் கடந்தது. வரிக்குத் தண்டப்பணம் வந்தது, தண்டப்பணத்துக்குத் துணையாக வட்டி வந்தது. குடும்பம் பெருகுவது போல் பெருகியது. இதற்கிடையில் கொரோனாவும் வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டது.

கடைசியில் ஒருநாள் அலுவலகத்துக்குப் போனேன். என் கோப்பைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்து அதிகாரி. மிகவும் மரியாதையானவர். எனக்குக் கதிரை காட்டினார். என் கதிரைகளைவிட நல்ல கதிரை.

"நீங்கள் விபரத்திரட்டு தரேல்லை. அதாலதான் நாங்கள் மதிப்பிட்டனாங்கள்" என்றார்.

"சேர், கொரோனா காலத்துல கல்யாணமே நடக்கலையே. யாருக்கு நான் கதிரை குடுத்திருப்பேன்?"

"செத்த வீடு நடந்ததுதானே?"

"செத்த வீட்டுக்கும் ஆள் வர விடல சேர். செத்தவருக்குக் கதிரை தேவையில்ல."

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பரிவோடு பார்த்தார். "ஓம், எனக்கு விளங்குது. ஆனா எனக்கு விளங்கிறது கணக்கில வராது. நீங்கள் ஏதாவது செய்து குடுங்கோ, பாப்பம்."

ஏதாவது என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையை நான் எழுத வேண்டி வந்திருக்காது.

அந்த நாட்களில் நாடே கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்திருந்தது. வானொலியில், பஸ்ஸில், சலூனில், எங்கே பார்த்தாலும் வங்குரோத்து என்றே பேச்சு. அந்தச் சொல்லுக்கு முன்பிருந்த வெட்கம் போய், ஏதோ பெரிய இடத்துச் சமாசாரம் போல ஆகிவிட்டது. கடன் கொடுத்த நாடுகள் வரிசையாக விமானம் ஏறி வந்து, தேநீர் குடித்து, தவணை கொடுத்துவிட்டுப் போயின. இவ்வளவு பெரிய நாட்டுக்குச் சரிவரும் வழி எனக்கு மட்டும் ஏன் சரிவராது என்று தோன்றியது.

என் மனைவி பாடசாலை ஆசிரியை. விஷயத்தைச் சொன்னதும் திருத்திக்கொண்டிருந்த கொப்பியை மூடிவைத்தாள்.

"என்னங்க, நாடு கடன் கட்டலன்னா பேச்சுவார்த்தைன்னு சொல்வாங்க. நீங்க கட்டலன்னா ஏமாத்துக்காரன்னு சொல்வாங்க. ரெண்டும் ஒன்னா?"

சரியான கேள்வி. ஆனால் அதற்குள் நான் வக்கீலுக்கு முற்பணம் கொடுத்திருந்தேன்.

வக்கீல் முப்பது வயதைத் தாண்டிய பெண், எங்கள் மலையகத்து ஆட்களில் ஒருவர். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணே, இது வெள்ளக்காரன் காலத்துச் சட்டம். நான் பரீட்சைக்குப் படிச்சதோட சரி. நெஜமான ஆளா பாக்குறது இதுதான் முதல் தடவ."

மிருகக்காட்சிச் சாலையில் அபூர்வமான பிராணியைப் பார்க்கும் குழந்தை போல என்னைப் பார்த்தார். பிறகு விளக்கினார். நான் நீதிமன்றத்தில் வங்குரோத்து என்று அறிவிக்கும்படி விண்ணப்பிக்க வேண்டும். என் சொத்தை விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார்கள். மிச்சக் கடனிலிருந்து எனக்கு விடுதலை கொடுத்து ஒரு சான்றிதழ் தருவார்கள்.

"அதுல மூணு வகுப்பு இருக்கு அண்ணே. உங்க மேல ஒரு பிழையும் இல்ல, எல்லாம் கஷ்டகாலம்னா முதலாம் வகுப்பு. பாதி கஷ்டகாலம், பாதி உங்க பிழைன்னா ரெண்டாவது. முழுசா உங்க பிழைன்னா மூணாவது."

வாழ்க்கையில் நான் எந்தப் பரீட்சையிலும் முதலாம், இரண்டாம் வகுப்பில் சித்தியடைந்ததில்லை. மனதுக்குள் ஓர் ஆசை எட்டிப் பார்த்ததை மறுக்க மாட்டேன்.

என் கடன்காரர்கள் அதிகம் இல்லை. முதலில் வரி அலுவலகம். அடுத்தது லீசிங் கம்பனி. அவர்கள் எப்போதோ வந்து லொறியைக் கொண்டுபோய்விட்டார்கள், லொறி போதவில்லை என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது, கலகெதரவில் கதிரைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர்; எல்லோருக்கும் அவர் நாநா, அதாவது அண்ணன். என் கதிரைகளில் பாதியை அவரிடம்தான் கடனுக்கு எடுத்தேன். கொரோனா முழுவதும் அவர் ஒருதடவைகூடப் போன் எடுத்துக் கேட்டதில்லை. அவர் பெயரையும் எழுத வேண்டுமா என்று வக்கீலிடம் கேட்டேன். ஒருவரையும் விட முடியாது என்றார்.

வழக்கு விஷயம் அரசாங்க அறிவித்தல்கள் வரும் வர்த்தமானியிலும் ஆங்கிலப் பத்திரிகையிலும் வந்தது. அன்று காலையிலேயே ஹேவாஹெட்டவிலிருந்து என் சித்தப்பா மகன் போன் எடுத்தான்.

"அண்ணே, கங்கிராஜுலேசன்! பேப்பர்ல பேர் வந்திருக்காமே. கடைக்கார மொதலாளி காட்டினாரு. ஜே.பி. பட்டம் குடுத்துட்டாங்களா?"

இங்கே வர்த்தமானியில் எங்கள் ஆள் ஒருவரின் பெயர் வந்தால், அது சமாதான நீதவான் பட்டமாகத்தான் இருக்கும். மறுக்க வாயைத் திறந்தேன். அவன் அதற்குள், தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு என்னைப் பிரதம விருந்தினராகப் போட்டுவிட்டதாகச் சொன்னான். பிறகு அவனுக்கு விளக்கம் சொல்லிப் புரியவைக்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப திருவிழாவுக்குக் கதிரையும் தர மாட்டீங்களா?" என்று கேட்டான்.

தர முடியாதுதான். என் கதிரைகளைக் கணக்கெடுக்க நீதிமன்றத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் புறப்பட்டு வந்துகொண்டிருந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். அவர் வந்த நேரம் கதிரைகள் வீட்டில் இல்லை. கீழ்த் தெருவில் ஒரு மரண வீட்டுக்குப் போயிருந்தன. கீழ்த் தெருச் செத்த வீடுகளுக்கு என் கதிரைதான் என்பது பழைய ஏற்பாடு. செத்தவரை நீதிமன்றத் திகதி பார்த்துச் சாகச் சொல்ல முடியாதே.

"அங்கே போவோம். நான் எண்ணிட்டு போறது மட்டும்" என்றார் உத்தியோகத்தர்.

கூடாரத்துக்குள் நுழைந்து, வாசலில் கைகூப்பி, உள்ளே போய்ப் பூவும் வைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து எண்ணத் தொடங்கினார். உதடு அசைய, ஒவ்வொருவரையும் விரலால் சுட்டி எண்ணினார். செத்த வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். சாப்பாட்டுக்கு ஆள் கணக்கெடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"மாத்தயா, எங்க பெரியம்மா ரெண்டு பேரு பஸ்ல வந்துகிட்டு இருக்காங்க. அவங்களையும் சேத்துக்கங்க" என்றார் ஒருவர்.

"எனக்கு மரக்கறி பார்சல்" என்றார் இன்னொருவர்.

பின்வரிசையில் ஒரு கனத்த மனிதர் இரண்டு கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தார். உத்தியோகத்தர் அவர் முன்னால் நின்று யோசித்தார். குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு" என்று நான் விரலைக் காட்டினேன். நேர்மையான வங்குரோத்துக்காரன் என்று அந்த ஒரு நிமிடம் அவருக்கு என்மேல் மதிப்பு வந்ததாக நினைக்கிறேன். யாரோ அவருக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். எண்ணி முடித்த களைப்பில், அரசாங்கம் கையகப்படுத்தப்போகும் கதிரை ஒன்றில் அவரும் உட்கார்ந்தார். பிரேதம் எடுக்கும்வரை இருந்துவிட்டுத்தான் போனார்.

நான் சிரித்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். அன்று சிரிக்கவில்லை. எல்லோரும் மயானத்துக்குப் போனபின், வெறும் கூடாரத்தில் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும்போது, இனி இவை என்னுடையவை இல்லை என்பது கையிலேயே தெரிந்தது.

கடன்காரர்கள் ஆஜராகும் நாளில் நாநா கலகெதரவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். நீதிமன்ற வராந்தாவில் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இங்க பாருங்க தம்பி, உங்களுக்கு எதிரா பேச வரல்ல நான். கோர்ட்டுல இருந்து காயிதம் வந்தீச்சி, வந்தேன். சாப்பிட்டீங்களா?"

"இல்ல நாநா."

"அல்லாஹ்வே, வங்குரோத்தானா சாப்பிடக் கூடாதுன்னும் சட்டத்துல ஈக்கிதா?" என்று கையைப் பிடித்து கன்டீனுக்கு இழுத்துப் போனார். அன்று என் ரொட்டிக்கும் அவர்தான் காசு கொடுத்தார். அந்தக் கடன் மட்டும் வழக்கில் சேரவில்லை.

வழக்கு இழுத்தது. ஏலம் நடந்தது. கடைசியில் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். தொற்றுநோய்க் காலத்து நட்டம் என் கைமீறியது. ஆனால் கணக்கு வைக்காதது என் கவனக்குறைவு. ஆகவே இரண்டாம் வகுப்பு. வக்கீல் என் கையைக் குலுக்கினார். நான் வராந்தாவுக்கு வந்து மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"என்ன கிளாஸ்?" என்றாள். பாடசாலையில் இடைவேளை போலும், பின்னால் பிள்ளைகளின் சத்தம்.

"ரெண்டு."

"பரவாயில்ல. கணக்குலதான் பெயிலாகியிருப்பீங்க."

அப்போதுதான் வக்கீல் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார். முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

"அண்ணே, ஒரு சின்ன விஷயம். அரசாங்கத்துக் கடன இந்தச் சான்றிதழ் கட்டுப்படுத்தாதுன்னு வரிப் பக்கத்து வக்கீல் சொன்னாரு. நீதிபதியும் அத ஏத்துக்கிட்டாரு."

"அப்படின்னா?"

"வரிக் கடன் அப்படியே இருக்கு. மத்ததெல்லாம் முடிஞ்சது."

"தங்கச்சி, வரிக்காகத்தானே நான் வங்குரோத்தானேன்?"

"அது சரிதான் அண்ணே" என்றார். பாவம், அவருக்கும் அது முதல் வங்குரோத்து வழக்கு.

ஆக, என்னை நீதிமன்றத்துக்குத் துரத்திய வரிக்காரர்களின் கடன் அப்படியே இருந்தது. லீசிங் கம்பனியின் கடனோடு, ஒரு வார்த்தை கேட்காத நாநாவின் கடனும் சட்டப்படி ஒழிந்தது. அன்று மாலை அம்பிட்டிய போகும் பஸ்ஸைத் தவறவிட்டு, வாவிக் கரையோரமாக நடந்தே வீட்டுக்குப் போனேன். இவ்வளவு காசு செலவழித்து கடைசியில் ஒரு நல்ல மனிதனைத்தான் ஏமாற்றியிருக்கிறேன் என்ற நினைப்பு நடை முழுவதும் கூடவே வந்தது.

மறுவாரம் யாழ்ப்பாணத்து அதிகாரியிடம் போய் நின்றேன். கூட மனைவியும் வந்தாள். பழைய வாடகை ரசீதுகளையெல்லாம் அவள் வருடவாரியாகப் பிரித்து, பரீட்சைத் தாள் போலக் கட்டி வைத்திருந்தாள். விட்டுப்போன விபரத்திரட்டுகளை இப்போது தரலாமா என்று அவள்தான் கேட்டாள்.

"தாங்கோவன்" என்றார் அவர். "உண்மையான வருமானம் தெரிஞ்சா மதிப்பீட்டைத் திருத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுதலாம். மிச்சத்துக்குத் தவணை போடலாம். இதை முதலே கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே சேர். ஏதாவது செய்ங்கன்னு சொன்னீங்க."

"ஓம். நான் இதைத்தான் சொன்னனான்."

மனைவி என் காலை மேசைக்கடியில் மிதித்தாள்.  மாதங்கள் பல சென்றபின் வரித்தொகை ஒரு மனிதன் கட்டக்கூடிய அளவுக்கு இறங்கி வந்தது. என் மதிப்பும் அத்தோடு இறங்கியது. இப்போது மாதாமாதம் கட்டி வருகிறேன்.

நாநாவைப் பார்க்கக் கலகெதரவுக்குப் போனபோதுதான் தெரிந்தது, ஏலத்தில் என் கதிரைகளை அடிமாட்டு விலைக்கு எடுத்தவர் அவர்தான் என்று. கடைக்குப் பின்னால் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார். நான் பழைய கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவதாகச் சொன்னேன். அவர் கையை ஆட்டி மறுத்தார்.

"கோர்ட்டு இல்லேன்டு சொன்ன கடன வாங்கினா எனக்குத்தான் பொல்லாப்பு. கதிரைய கொண்டு போங்க, வாடகைக்கு விடுங்க. பாதி எனக்கு, பாதி உங்களுக்கு. இது தருமம் இல்ல தம்பி, யாவாரம்."

யாவாரம்தான். அவர் கணக்கில் இம்மியும் விடமாட்டார். ஆனால் ஒவ்வொரு தடவை பங்கு கொடுக்கும்போதும் கொஞ்சம் கூடவே வைத்துக் கொடுக்கிறேன். எண்ணிப் பார்த்துவிட்டு, அப்படியே பையில் போட்டுக்கொள்கிறார்.

போன மாதம் எங்கள் தெருவில் பேக்கரி வைத்திருப்பவர் ஒருநாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்து, அங்குமிங்கும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"வரிக்காரங்க நெருக்குறாங்க. உங்களுக்கு அந்த வங்குரோத்து எடுத்துக் குடுத்த வக்கீலோட நம்பர் வேணும்."

ஏதோ வெளிநாட்டு விசா போல அவர் அதைக் கேட்டார். விபரத்திரட்டு கொடுத்திருக்கிறாரா என்று கேட்டேன். அதெல்லாம் எதற்கு என்றார். முதலில் அதைக் கொடுங்கள், பிறகு அலுவலகத்துக்குப் போய்த் தவணை கேளுங்கள் என்று என்னாலான மட்டும் விளக்கிச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. இவன் தான் மட்டும் தப்பித்துவிட்டு அடுத்தவனுக்கு வழி காட்ட மாட்டேன் என்கிறான் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து எங்களுக்கு முதல்நாள் சுட்டு மிஞ்சிய பாணைத்தான் கொடுக்கிறார்.