மனேஜர் இன்னொரு தரம் கேட்டார்

போன சனிக்கிழமை அஜக்ஸில் தாசண்ணையின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். பெயின்ற் வாசம் இன்னும் போகவில்லை. அவருடைய மகள் மெரீனா தட்டு நிறைய ரோல்ஸோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அன்ரி, ரோல்ஸ் வேணுமோ?"

"வேண்டாம் பிள்ளை, இப்பதான் சாப்பிட்டிட்டு வாறன்."

"ஓகே அன்ரி" என்றுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

நான் காலையில் வெறும் தேத்தண்ணீரோடு புறப்பட்டவள். 401 நெடுஞ்சாலை முழுக்க இந்த வீட்டு ரோல்ஸை நினைத்துக்கொண்டே வந்தவள். ஆனால் முதல் தரம் கேட்டவுடன் கையை நீட்டுகிற ஆட்களா நாங்கள்? வேண்டாம் என்போம். 'சும்மா எடுங்கோ' என்பார்கள். 'சரி, ஒண்டு' என்போம்... அதுதானே முறை? தட்டு தூரப் போய்க்கொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே பனி மெல்ல விழுந்தது. அதைப் பார்த்தபடியே சில வருடங்கள் பின்னுக்குப் போய்விட்டேன்.

ரெக்ஸ்டேலில் ஒரு பிஸ்கற் ஃபக்ரரி. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு வந்து இறங்கியவர்கள் கொஞ்சப் பேர் அங்கே பெல்ற்றில் நின்றோம். வனிலா வாசம், அடுப்பின் இளஞ்சூடு, ஓயாமல் ஓடிவருகிற பிஸ்கற் — நின்றுகொண்டே கனவு காண அதைவிட நல்ல இடம் கிடையாது. கை தன்பாட்டில் அடுக்கும். மனம் தன்பாட்டில் எங்கேயோ நடக்கும்.

எங்களில் பெரிய கனவுக்காரர் தாசண்ணைதான். மன்னார்காரர். மனைவியும் சின்ன மகள் மெரீனாவும் அங்கே. சென் ஜேம்ஸ் ரவுணில் அவருடைய அறைக் கதவில் மகளுக்கென்று ஒரு நீலக் குளிர்கோட் தொங்கும். பிள்ளை அங்கே வளர்கிறாள் அல்லவா? ஒவ்வொரு குளிர்காலமும் பழையதை யாருக்காவது கொடுத்துவிட்டு, ஓர் அளவு பெரியதாக வாங்கி மாட்டுவார்.

"இந்த விண்ரருக்கு வந்திடுவினம் தங்கச்சி" என்பார். ஒவ்வொரு விண்ரரும்.

நிரந்தர வேலை இல்லாமல் குடும்பத்தை வரவழைக்கிற ஸ்பொன்சர் அலுவல் நகராது. எங்களுக்கோ கூப்பிட்டால்தான் வேலை. அப்போதுதான் லீட் ஹான்ட் இடம் ஒன்று வந்தது — பெல்ற்றுக்குப் பொறுப்பான ஆள், நிரந்தர வேலை. அது தாசண்ணைக்குத்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. மெஷின் இடக்குப் பண்ணினால் நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்போம். மனேஜர் பீற்றரும் நேரே அவரிடமே வந்து, "எடுக்கிறீர்களா?" என்று கேட்டார்.

தாசண்ணை நெளிந்தார். சிரித்தார். "நோ நோ சேர்..." தன்னைவிடப் பழைய ஆட்கள் இருக்கிறார்கள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஓகே" என்றார் பீற்றர். போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்திலும் தாசண்ணையின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. "திரும்ப வருவான் தங்கச்சி. ஒருக்காக் கேட்டுப்போட்டு விடுற மனிசனே?"

வரவில்லை. வெள்ளிக்கிழமை, வெளியிலிருந்து ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று கதை வந்தது. அன்று தாசண்ணை கனவு காணவில்லை. வெறுமனே பிஸ்கற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. நேரே மனேஜரின் அறைக்குப் போனேன்.

"அவரிடம் இன்னொரு தரம் கேளுங்கள்."

"வேண்டாம் என்றாரே. திரும்பக் கேட்டால் அவரை நெருக்குவதாக இருக்காதா?"

பாருங்கள்... அவருக்கு ஒரு தரத்தோடு விடுவது மரியாதை. எங்களுக்கு முதல் தரம் மறுப்பது மரியாதை. இந்த இரண்டு மரியாதைக்கும் நடுவில் ஒரு தாயும் பிள்ளையும் மன்னாரில் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். அதைச் சொன்னேன். அந்தக் கோட்டைப் பற்றியும் சொன்னேன்.

பீற்றர் பேனையை மூடி வைத்தார். "எத்தனை தரம் கேட்கவேண்டும்?"

"மூன்று வரைக்கும் போகலாம்."

வந்தார். கேட்டார். எங்கள் ஆள் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? "நோ சேர், வேற ஆக்கள்..." ஒருவரும் பிஸ்கற் எடுக்கவில்லை. பெல்ற் முனையில் அது பாட்டுக்குக் குவிகிறது. பீற்றர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாசண்ணை பக்கம் திரும்பி, "வேறு ஆட்கள் இருக்கிறார்கள்தான். எனக்கு வேண்டியது நீங்கள்" என்றார்.

"ஓம் சேர்" என்றார் தாசண்ணை. அவசரத்தில் தமிழே வந்துவிட்டது. அதற்குள் பிஸ்கற் தரையில் கொட்டத் தொடங்கியது. "பெல்ற்றை நிப்பாட்டுங்கோ" — பொறுப்பாளராக அவர் போட்ட முதல் கட்டளை அதுதான்.

பிறகு நானும் வேறு வேலைகளுக்குப் போய், ஆட்களை வைத்து வேலை வாங்கிப் பார்த்துவிட்டேன். தலைமைக்கு என்னென்னவோ இலக்கணம் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்... முதலில் வருவது கூச்சத்தின் பதில். ஆளின் பதில் வேண்டுமென்றால் திரும்ப ஒருமுறை கேட்க வேண்டும். தாசண்ணை அதைத்தான் செய்தார். "கை நோகுதோ?" என்பார். "இல்லை அண்ணை" என்போம். ஒரு சுற்றுப் போய்வந்து மறுபடி கேட்பார். அப்போதுதான் உண்மை வெளியே வரும்.

தாயும் பிள்ளையும் வந்த அன்று விமான நிலையத்தில் நானும் நின்றேன். கோட் கொஞ்சம் பெரிது. பிள்ளையின் விரல்களே தெரியவில்லை. தாசண்ணை முழங்காலில் நின்று கோட்டின் கையை மடித்து மடித்து விட்டார், அழுதுகொண்டே. நானும் அழுதேன்...

"அன்ரி?"

திடுக்கிட்டுத் திரும்பினேன். மெரீனா. தட்டில் ஒரேயொரு ரோல்ஸ்.

"வேண்டாம் எண்ட ஆக்களிட்டை இன்னொருக்காக் கேக்கச் சொல்லி அப்பா சொன்னவர். ஆர் யூ ஷுவர்?"

மூன்றாம் தரத்துக்கு நான் காத்திருக்கவில்லை.