ஐஸ் பெட்டிக்குள் ஒரு தொப்பி

கம்பளிச் சட்டை என்றாலே எங்கள் மூத்தவள் ராத்தாவுக்குச் சிரிப்பு வரும். கல்முனை வெயிலில் பருத்திச் சட்டையே முதுகில் ஒட்டிக்கொள்ளும்போது கம்பளியை யார் போடுவது? அப்படிப்பட்டவள் ஒருநாள் கம்பளி நூலும் இரண்டு பின்னல் ஊசிகளும் வாங்கிவந்து, யூடியூப்பைப் பார்த்துப் பின்னத் தொடங்கினாள். காரணம் எங்கள் தங்கச்சி.

தங்கச்சி கனடாவில் இருக்கிறாள். தலைப்பிள்ளை, பனிக்காலத்தில் பிறக்க இருந்தது. எங்கள் ஊரில் கல்யாணம் முடித்தால் வீடு மாறி வருவது மாப்பிள்ளைதான். பெண் தன் வீட்டிலேயே இருப்பாள். பிள்ளைப்பேறு என்றால் உம்மா, ராத்தா, சாச்சி என்று வீடு நிறையப் பெண்கள். உம்மா மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு என் பிள்ளைப்பேறுகளைப் பார்த்தவள் ராத்தாதான். தங்கச்சியுடையதையும் தானே பார்ப்பதென்று விசாவுக்குப் போட்டாள். கிடைக்கவில்லை. அன்று அவள் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் நூலோடு வந்தாள்.

"நான் போகாட்டி என்ன? நான் செஞ்சது போகட்டும்."

அது லேசான வேலையில்லை. வியர்வையில் நூல் விரலோடு ஒட்டியது. கைக்குப் பவுடர் பூசிக்கொண்டு, ஃபேனுக்கு நேரே இருந்து பின்னினாள். எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. நூல் சிக்கினாலே கத்தரிக்கோலைத் தேடுகிறவள் நான். அவள் ஒரு கண்ணி தவறினாலும் முழு வரியையும் பிரிப்பாள். ஒருவழியாகத் தொப்பி முடிந்தது. மஞ்சள் நிறம், சுற்றிவரப் பூப்பூவாகத் துளை விட்ட வேலைப்பாடு. கடையில்கூட அப்படியொன்றை நான் கண்டதில்லை.

"மாஷா அல்லாஹ்! அனுப்புகா" என்றேன்.

"குளிருக்குத் தாங்குமா?" என்று கேட்டாள்.

குளிரை நாங்கள் எங்கே கண்டோம்? மார்கழி மழைக்குப் போர்வையை இழுத்து மூடுவதுதான் எங்களுக்குத் தெரிந்த குளிர். ராத்தா முற்றத்தைப் பார்த்தாள். அவள் கணவர், எங்கள் மச்சானுக்கு மீன் வியாபாரம். முற்றத்தில் ஐஸ் போட்ட பெரிய ரெஜிபோம் பெட்டி எப்போதும் இருக்கும். அவள் இரண்டு முட்டைகளை அவித்தாள். ஒன்றைச் சுடச்சுடத் தொப்பிக்குள் வைத்துச் சுற்றினாள். மற்றதைச் சும்மா விட்டாள். இரண்டையும் நனையாதபடி பைகளில் போட்டு ஐஸுக்குள் வைத்து மூடினாள்.

மச்சான் வந்து பெட்டியைத் திறந்தார்.

"என்ன புள்ள இது? முட்டைக்குத் தொப்பி போட்டுக் கிடக்கு! சுன்னத்துக் கலியாணமா?"

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டேன். ராத்தா சிரிக்கவில்லை. இரண்டு முட்டைகளையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே குளிர்.

"இந்தப் பூவெல்லாம் காத்துப் போற வழி" என்று சொல்லிவிட்டு நூல் நுனியைப் பிடித்து இழுத்தாள். என் கண் முன்னாலேயே அந்த அழகான தொப்பி வெறும் நூலாகிப் போனது. அவள் இரண்டு இழையைச் சேர்த்து, துளையே இல்லாமல் நெருக்கமாகப் பின்னினாள். பார்வைக்கு அது ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் இந்த முறை முட்டை வெதுவெதுப்பாக வெளியே வந்தது. மச்சான் அதை மிளகுத்தூள் தூவித் தின்றார். பிறகு அதே மாதிரிச் சட்டையும் காலுக்கு உறையாக மேசும் பின்னினாள். பனியைக் கண்ணால் காணாத ஒருத்தி, பனிக்குள் பிறக்கப்போகும் ஒரு தலையை இவ்வளவு நினைத்தாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொதி போய்ச் சேர்ந்தது. பிள்ளையும் சுகமாகப் பிறந்தது. பெண்பிள்ளை. வீட்டுக்கு வந்த பிறகு தங்கச்சி வீடியோவில் காட்டினாள். பிள்ளை மெல்லிய பெனியனோடு கைகாலை அடித்துக்கொண்டு கிடந்தது.

"தொப்பி எங்க புள்ள?" ராத்தா கேட்டாள்.

"வீட்டுக்குள்ள ஹீட்டர் இரிக்கி ராத்தா. நம்மட ஊர் மாதிரிச் சூடு. ஆஸ்பத்திரியால வரக்குள்ள போட்டுத்தான் வந்த."

இவ்வளவு பாடும் வீணா என்று நான் ராத்தாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை. தங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்றவளை எங்கள் ஊரில் நாற்பது நாளும் தரையில் வெறுங்கால் வைக்க விடமாட்டோம். காதைத் துணியால் கட்டி, மிளகும் மல்லியும் அரைத்துச் சரக்குக்கறி ஆக்கி ஊட்டாத குறையாகப் பார்ப்போம். இவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, போனோடு சமையலறைக்குப் போனாள். போன் சரிந்தபோது அவள் வெறுங்கால் தெரிந்தது.

"நீ சாப்பிட்டியா?"

"ஆரு ராத்தா ஆக்கித் தாற? அவர் வேலைக்குப் போயிட்டார்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "நீங்கதான் முதல்ல கேட்ட. எல்லாரும் புள்ளையத்தான் கேக்கிற."

நானும்தான் பிள்ளையை மட்டும் கேட்டிருந்தேன். நாங்கள் அனுப்பிய பொதியிலும் அவளுக்கென்று ஒன்றும் இருக்கவில்லை.

ராத்தா பின்னல் ஊசிகளையும் மிச்ச நூலையும் மடியில் எடுத்து வைத்தாள்.

"அழாத புள்ள. போனைக் கீழ புடி. உன்ட காலைக் காட்டு."