குடிக்காதவருக்குக் கட்டிய கயிறு

அப்பா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவர். கயிறு கட்டிய நாள்வரை சாராயத்தைத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவருக்குத்தான் எங்கள் ஊரில் குடியை நிறுத்தக் கயிறு கட்டினார்கள்.

நான் சிறுமியாக இருந்த ஒரு கோடையில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்து இடது காது மந்தமாகிப் போனது. உள்ளே ஏதோ இரைகிறது என்றார். காய்ச்சல் விட்டதும் வேலைக்குப் போனவர், பாத்தியில் குனிந்து உப்பை இழுத்துவிட்டு நிமிரும்போதெல்லாம் தள்ளாடினார். ஒருநாள் வரப்பிலிருந்து உப்புத் தண்ணீரில் குப்புற விழுந்தார்.

"குடிச்சிட்டு அளத்துல கால வைக்காத" என்று மேஸ்திரி விரட்டிவிட்டார். "தல சுத்துதுங்க" என்று அப்பா சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். குடித்தவனுக்குச் சுற்றாமல் வேறு யாருக்குச் சுற்றும்? வீட்டில் அம்மா அவர் வாயை முகர்ந்து பார்த்தாள். வாடை இல்லை. "வாடையே வராத சரக்கு எங்கதான் கெடைக்குதோ" என்று அழுதாள்.

கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொண்டால் மறுபடி வேலை என்றார் மேஸ்திரி. அப்பா ஒத்துக்கொண்டார். குடிக்காதவர் குடிக்கமாட்டேன் என்று சொல்வதில் என்ன சிரமம் என்று எனக்குத் தோன்றியது. பூசாரி திருநீறு பூச வந்தபோது மட்டும் அப்பா தலை குனியாமல் விறைத்து நின்றார். "திமிரப் பாரு" என்றார் பெரியப்பா.

மறுவாரமே மறுபடி விழுந்தார். குடிகாரர் என்ற பெயரோடு சாமியை ஏமாற்றியவர் என்ற பெயரும் சேர்ந்தது. எந்த அளத்திலும் அவரைச் சேர்க்கவில்லை. அப்பா நிஜமாகவே குடிக்கத் தொடங்கினார். குடித்தே செத்தார். "குடிக்கிறன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா அரற்றினாள்.

போன மாதம் படுக்கையில் புரண்டபோது எனக்கு வீடே சுழன்றது. புதுச்சேரியில் காது மருத்துவரிடம் போனேன். "காதுக்குள்ள பொடிப்பொடியா கல்லு இருக்கும்மா. உள்காது கெட்டுப்போனா அது எடம் மாறிடும். குனிஞ்சா, நிமிந்தா, பொரண்டா சுத்தும். காய்ச்சல் வந்து காது அடைச்ச பிறகுகூட வரும்" என்றார். என்னைப் படுக்கவைத்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். சுற்றல் நின்றுவிட்டது. ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று கோயிலில், சாமி முன்னால்கூடத் தலை வணங்காத அப்பாமேல் எனக்கும் கோபம்தான் வந்தது. குனிந்தால் அங்கேயே, அத்தனை பேர் பார்க்க விழுந்துவிடுவோம் என்று பயந்துதான் அவர் அப்படி நின்றார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.