நாற்பது நிமிடத்தை நம்பாத முடிதிருத்துநர்

கத்தரியை நிறுத்திவிட்டுத்தான் தெத்சுரோ அந்தக் கேள்வியைக் கேட்பார். "உங்க வாசப்படியிலேருந்து நகரத்து ஆஸ்பத்திரி வரைக்கும் எத்தனை நிமிஷம் ஆச்சு? அன்னிக்குப் பனி எவ்வளவு?" பதில் வந்ததும் சீப்பைப் பல்லில் கடித்தபடி, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொள்வார். அதன் பிறகே அடுத்த காதுப் பக்கம் வருவார்.

"முடி வெட்டத்தானே வந்தேன்? போலீஸ்ல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்பார் மீன்கடை குசகாரி.

"பதில் சொல்லலைன்னா பாதி மீசையோட அனுப்பிடுவேன்."

கமிநுமா என்ற அந்தச் சிற்றூரில் வேறு முடிதிருத்தும் கடை கிடையாது. மாகாணத்தின் சுகாதாரத் திட்டக் குழுவில் பொதுமக்களுக்கென்று இருப்பதும் ஒரே இடம்தான். அதற்கு எண்ணூறு எழுத்துகளில் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். தெத்சுரோ ஆறு முறை எழுதி அனுப்பினார்; ஆறாவது முறை இடம் கிடைத்தது. ஆறு முறையும் எழுத்துகளை விரல் வைத்து எண்ணிப் பார்த்தவர் அக்கா சுமியே. தம்பி மருத்துவர்களோடு சமமாக உட்காரப் போகிறான் என்று தெரு முழுக்கச் சொன்னவரும் அவர்தான்.

வாரத்தில் மூன்று நாள், நான்கு மணி நேரம், ஊர் ஆஸ்பத்திரியில் சுமியேவுக்கு டயாலிசிஸ். அந்தப் பிரிவை நகரத்துக்கு மாற்றலாம் என்றது புதிய திட்ட வரைவு. 'காரில் நாற்பது நிமிடம்' என்று அதில் இருந்தது. சுமியேவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பேருந்தில், பனிக்காலத்தில், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது என்று தெத்சுரோவின் தாள்கள் சொல்லின.

கடையில் ஓயாத அந்த வாய், கூட்டத்தில் உலர்ந்துவிடும். சாவு வீட்டுக்குப் போட்டுப் போகும் கறுப்புக் கோட்டில், கதவோரக் கடைசி நாற்காலியில் உட்காருவார். ஒவ்வொரு விஷயமும் முடிந்ததும் தலைவர், "ஆட்சேபணை இல்லையே?" என்பார். எல்லோரும் தலை தாழ்த்தி, "இல்லை" என்பார்கள். ஐந்தாவது கூட்டத்தில் டயாலிசிஸ் வந்தது. தெத்சுரோ தாள்களைப் பிரிப்பதற்குள் தலைவர் கேட்டுவிட்டார். எல்லோரும் "இல்லை" என்றார்கள். பார்வையாளர் வரிசையிலிருந்த சுமியே, தம்பியின் உதடும் அசைந்ததைப் பார்த்தார்.

திரும்பும் பேருந்தில் சுமியே கேட்டார்: "டேய், நீயுமா?"

"வாய் தானா சொல்லிடுச்சுக்கா. கடைக்கு ஆள் வந்தா 'வாங்க'ன்னு வருமே, அந்த மாதிரி."

"நல்ல வாய். வாரத்துல மூணு நாள் அதுவே வந்து என்னைத் தூக்கிட்டுப் போகுமா?"

தெத்சுரோ தாள்களை மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்தார். சுமியே இதைத் தெருவில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து, மாகாண அலுவலகப் பெண் ஒருத்தி கூட்டக் குறிப்போடு கடைக்கு வந்தாள். குறிப்பு சரியென்று முறைவைத்து இரண்டு உறுப்பினர்கள், கையெழுத்துக்குப் பதிலாக, தங்கள் பெயர் முத்திரையை இட வேண்டும். இந்த முறை ஒருவர் தெத்சுரோ. "சும்மா ஒரு வழக்கம்தாங்க. இந்த இடத்துல" என்று விரலால் காட்டினாள். துண்டு மடித்துக்கொண்டிருந்த சுமியே, வந்தவளைக் காக்க வைக்கக் கூடாதென்று முத்திரைக்கான சிவப்பு மைப்பெட்டியைத் திறந்து தம்பி முன்னால் வைத்தார்.

குசகாரி முகம் முழுக்க நுரையோடு காத்திருக்க, தெத்சுரோ பதினோரு பக்கத்தையும் நின்றபடியே படித்தார்.

"ஏதாவது தப்பா எழுதியிருக்கோமா?"

"எழுதினதெல்லாம் சரிதாம்மா. நான் சொன்னதுதான் தப்பு. அந்த விஷயத்த மறுபடி எடுக்கணும்னு தலைவர்கிட்ட சொல்லுங்க. அதுக்கப்புறம் போடறேன்."

"மாகாணமே காத்துக்கிட்டு இருக்குங்க."

தெத்சுரோ கையை நீட்டி, மைப்பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார்.